அனுஷியா, விவாகமாகாதவர்

இரண்டு பஸ்களின் ஹோர்னும் ஒன்றாக அலற, கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே மூச்சில் பறந்தன.

கண்டி தனியார் பஸ் நிலையத்தின் வெளி வாசலில் மாத்தளை பஸ்ஸும் அக்குறணை பஸ்ஸும் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றன. நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். இரண்டு சாரதிகளும் ஹோர்னிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அனுஷியா மைக்கை வாய்க்கு அருகில் இழுத்தாள். முதலில் சிங்களத்தில் சொன்னாள், பிறகு தமிழில்.

"மாத்தளை, பத்து நாப்பது. நீங்க வெளிய போங்க. அக்குறணை, பத்து நாப்பத்தேழு. ஒரு பஸ் நீளத்துக்குப் பின்னால எடுங்க."

குரலில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. அதனாலோ என்னவோ அக்குறணை பஸ் பின்வாங்கியது. அதன் சாரதி ஹுதைபா இறங்கி வந்து கூண்டின் கம்பியில் முகத்தை வைத்தான்.

"தங்கச்சி, இது அநியாயம். அவன் போற வழியில ஈக்கிற ஆளெல்லாம் அள்ளிட்டுப் போவான். நான் வெறும் காத்தயா ஏத்திட்டுப் போற?"

"உங்களுக்கு ஏழு நிமிஷம் இருக்கு அண்ணே. பிளேன்டீ குடிக்க அஞ்சு நிமிஷம். திரும்ப வந்து ஏற ரெண்டு. அதுக்குள்ள பதுளை பஸ் வந்து ஆளை இறக்கும். உங்க சீட்டு நிறையும்."

"சரியா ஏழு?"

"எட்டாச்சுன்னா என் பேரை மாத்துங்க."

"எனக்கென்ன, மாத்தலாம். பொறவு ஒங்க புருஷன் யாரைக் கூப்பிடுவாரு?" என்று சிரித்துவிட்டு அவன் தேநீர்க் கடைப் பக்கம் போனான்.

மூன்று வருடங்களாக இதுதான் அவளது வேலை. 'நில்லு' என்று மட்டும் சொன்னால் சாரதிகள் சண்டைக்கு வருவார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவார்கள். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. கொழும்பு இலக்கம்.

"மிஸ் அனுஷியா ராஜலிங்கமோ? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சி விண்ணப்பம் தொடர்பாகக் கதைக்கிறன். எழுத்துப் பரீட்சையில நீங்கள் சித்தியடைஞ்சிட்டீங்கள். நேர்முகம் வாற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கண்டி கச்சேரியில, மாவட்டச் செயலகக் கட்டடத்தில."

அனுஷியா எழுந்து நின்றுவிட்டாள். கூண்டின் கூரை தலையில் இடித்தது, வலிக்கவில்லை.

"இன்னுமொரு விஷயம்," என்றது அந்தப் பெண் குரல். "விண்ணப்பத்தில விவாகமாகாதவர் எண்டு கிடக்கு. அதுக்குக் கிராம சேவகரிட்ட ஒரு உறுதிக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"என்ன... ஆகாதவரா?"

"ஓம், விவாகமாகாதவர். ஏன், பிழையோ?"

வலது கையில் கைப்பேசி இருந்தது. இடது கை கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டது. "இல்ல... சரி மேடம்," என்று அவளே அறியாமல் வாய் சொன்னது. இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

மூன்று வருடங்களில் முதல் தடவையாக அந்தத் திங்கட்கிழமை அக்குறணை பஸ் இரண்டு நிமிடம் தாமதித்துப் புறப்பட்டது. ஹுதைபா ஜன்னலால் தலையை நீட்டி, "புதுப் பேரு எனத்தயன்?" என்று கத்திக்கொண்டு போனான்.

*

கட்டுகஸ்தோட்டையில் அஸீமாவின் வீட்டு மேல்மாடிதான் அவர்களுடைய வாடகை வீடு. மாலை ஐந்தரைக்கு அனுஷியா படியேறி வந்தபோது யுகேஷ் தரையில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தான். அக்குறணையில் ஒரு ஹாட்வெயார் கடையில் அவனுக்கு வேலை. ஐந்து வயது மகள் தனுஜா, அப்பா நறுக்கிய துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விண்ணப்பத்தை நிரப்பினது நீங்கதானே?" என்றாள் அனுஷியா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"ஆமா. கடைசி நாள். நீ டியூட்டில இருந்த. கடைக்குப் பக்கத்து கொமியூனிகேஷன் கடை கம்பியூட்டர்ல உக்காந்து நான்தான் நிரப்பினேன். ஏன் அனு, கூப்பிட்டுட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. விவாகமாகாத அனுஷியாவைக் கூப்பிட்டாங்க."

யுகேஷின் கத்தி போஞ்சியின் பாதியில் நின்றது.

"கை தவறிருச்சு போல," என்றான்.

"பேரு சரி. அடையாள அட்டை நம்பர் சரி. ஏ லெவல் ரிசல்ட் ஒரு எழுத்து பிசகல. புருஷன் மட்டும்தான் தவறிட்டானா?"

"அம்மா, விவாகம்னா என்ன?" என்றாள் தனுஜா.

"உங்கப்பா செஞ்சிட்டு மறந்துபோன வேலை."

யுகேஷ் சிரிக்கவில்லை. குனிந்தபடியே சொன்னான்: "ஒரு நாள்தானே அனு. தாலியைக் கழட்டி அலுமாரில வச்சிட்டுப் போயிட்டு வா. நம்ம ஊரு தெல்தோட்டை கிராம சேவகர்கிட்ட நான் கேட்டு ஒரு கடிதம்..."

"எந்தக் கிராம சேவகர்? நம்ம கல்யாணத்துல ரெண்டு பந்தியில உக்காந்து சாப்பிட்டாரே, அவரா? சரி, தாலியை அலுமாரில வைக்கிறேன். இவளை எங்க வைக்கிறது?"

"நானும் அலுமாரிக்குள்ள இருப்பேன்," என்று தனுஜா துள்ளி எழுந்தாள்.

"எனத்த சத்தம் இங்க? கீழ் ஊட்டுக்குக் கேக்குது," என்றபடி அஸீமா படியேறி வந்தாள். கையில் மூடியிட்ட கிண்ணம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல அனுஷியா அவளைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்காரி என்றாலும் வாடகையைப் பற்றிப் பேசுவதைவிட உப்பு, புளியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் அதிகம் வருவாள். யுகேஷுக்கு அவளது வருகை ஆபத்பாந்தவனாகப் பட்டது. "பாண் முடிஞ்சிருச்சு, வாங்கிட்டு வாறேன்," என்று மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

விஷயத்தைக் கேட்ட அஸீமா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த வேல ஒனக்கு அவ்வளவு முக்கியமா மகள்? பஸ்ஸ அனுப்புறதும் ஒரு உத்தியோகம்தானே."

அனுஷியா கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடினாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால நான் இந்தப் பரீட்சை எழுதினேன் தாத்தா. பெயிலாயிட்டேன்னு எல்லாருக்கும் சொன்னேன். உண்மையில நான் பாஸ்."

அஸீமாவின் கண்கள் விரிந்தன.

"அப்பல்லாம் நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்காத்தான் ஆள் எடுப்பாங்க. அதுவும் ஒரு டசன் பேர். அந்தப் பன்னெண்டுல நான் ஒருத்தி. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வரமாட்டாரு. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அந்தப் பக்கம் போறவங்க கையில குடுத்து விடுவாங்க. யார் யார் கையிலயோ மாறி எங்கம்மா கைக்கு வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா, பயிற்சி முடியிற வரைக்கும் கல்யாணம் ஆகாதவங்களா இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்குக் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்."

"அல்லாஹ்வே. பொறவு?"

"பொறவு என்ன. அடுப்புல போட்டுட்டேன். எனக்கு இவரும் வேணும்னு இருந்துச்சு."

"யுகேஷுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். தன்னாலதான் போச்சுன்னு நினைச்சு மனசு நொந்துபோயிருவாரு. ரெண்டு வருஷம் எனக்கு ப்ளேன் சத்தம் கேட்டா நிமிந்து பாக்க மனசு வராது தாத்தா. அப்புறம் இவ பொறந்தா. சாப்பிடவே மாட்டா. ப்ளேனைக் காட்டிக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். அதோட அந்தக் கோபம் போயிருச்சு."

போயிருந்த ஆசைதான் சென்ற வருடக் கடைசியில் திரும்பி வந்திருந்தது. இருந்த கட்டுப்பாட்டாளர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் இரட்டை ஷிப்ட் பார்த்துக் களைத்துப்போன கதை பத்திரிகைகளில் வந்தது. பாராளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இனி ஒவ்வொரு வருடமும் அறுபது பேரைச் சேர்க்க வேண்டும். வயதெல்லை இருபத்தைந்திலிருந்து முப்பதாகும். நேர்முகம் மாகாணங்களிலும் நடக்க வேண்டும். முதல் ஆறு மாதப் பாடங்களைக் கண்டியிலேயே படிக்கலாம். இந்தச் செய்தியைக் கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடி வந்து அவளிடம் சொன்னவன் யுகேஷ்தான். இரவுகளில் மகளைத் தூங்கவைத்து, அனுஷியாவைப் படிக்கவைத்தவனும் அவன்தான்.

"இன்னும் ரெண்டு மாசத்துல எனக்கு முப்பது," என்றாள் அனுஷியா. "இது போனா இனி இல்ல. பொய்யான விபரம் குடுத்தா விண்ணப்பம் ரத்துன்னு போட்டிருக்கு. உண்மையைச் சொன்னா ரத்து. சொல்லலைன்னா பொய்."

"கல்யாணம் முடிச்சவங்க வரப்படாதுண்டு இப்பவும் ஈக்கா?"

அனுஷியா வர்த்தமானி அறிவித்தலைக் கைப்பேசியில் திறந்தாள். புதிய சட்டத்தோடு பழைய விதியும் போயிருக்கும் என்று அவளாகவே நினைத்திருந்தாள். பரீட்சைக்குப் படித்த அவசரத்தில் பாடத்திட்டத்தைத் தவிர வேறொன்றையும் அவள் ஊன்றிப் பார்த்திருக்கவில்லை. நான்காம் பக்கத்தில் இருந்தது. விவாகமானவர்களும் விண்ணப்பிக்கலாம்.

"பாத்தியா, ஒங்க சட்டமே ஒன்னய வரச் சொல்லுது," என்றாள் அஸீமா. "உசுரோட ஈக்கிற புருஷன இல்லண்டு சொல்லி ஒரு கதிரையில போய் இருக்கோணுமா? உண்மையச் சொல்லு மகள். தந்தா தரட்டும்."

பேக்கரிப் பாணோடு திரும்பி வந்த யுகேஷிடம் அவள் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவன் இரண்டு தடவை வாசித்தான்.

"அப்ப, ஆனவங்களும் போகலாமா?"

"போகலாம். உங்க கை தவறாம இருந்திருந்தா பிரச்சினையே இல்ல."

யுகேஷ் பாணை மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். அவள் கூப்பிடும்வரை உள்ளே வரவில்லை.

*

வியாழக்கிழமை கச்சேரியின் இரண்டாம் மாடி விறாந்தையில் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். சேலை கட்டியிருந்தவள் அனுஷியா மட்டும்தான். தாலிக்கொடியை அவள் சேலைக்கு மேலே எடுத்து விட்டிருந்தாள். யுகேஷ் அதைப் பார்த்தான். மகளோடு மூலையில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் திருமதி ஞானேஸ்வரி. கத்தரித்த நரைமுடி, மெல்லிய கண்ணாடி. முப்பது வருடம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். இரு பக்கமும் இருந்த அதிகாரிகள் கேள்வி கேட்பதைவிட அவருடைய முகத்தைப் பார்ப்பதிலேயே கவனமாக இருந்தார்கள்.

அவர் மூன்று காகிதத் துண்டுகளை மேசையில் வைத்தார்.

"மூண்டு விமானம், ஒரே ஓடுபாதை. முதலாவதில ஒரு நோயாளி. இரண்டாவது பெரிசு, எரிபொருள் தாராளமா இருக்கு. மூண்டாவது சின்னன், மெதுவா வருது. எப்பிடி இறக்குவீங்கள் பிள்ளை?"

அனுஷியா நோயாளியை முதலில் வைத்தாள். பெரியதை இரண்டாவதாக வைத்தாள். அது கிளப்பிவிடும் காற்று அடங்குவதற்கு இடைவெளி விட்டுச் சின்னதைக் கடைசியில் வைத்தாள். பிறகு ஒவ்வொரு துண்டின் மேலும் பென்சிலால் ஒரு நேரத்தை எழுதினாள்.

"நேரத்தை நான் கேக்கேல்லையே?"

"நில்லுன்னு மட்டும் சொன்னா அவங்களுக்குப் பதட்டம் வரும் மேடம். நம்மளை மறந்துட்டாங்களோன்னு நினைப்பாங்க. ஒன்பது நிமிஷம்னு சொல்லிட்டா நிம்மதியா நிப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல நான் அப்பிடித்தான் சொல்லுவேன்."

ஞானேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் படிப்பிக்க எங்களுக்கு ஆறு மாசம் பிடிக்கும்," என்று பக்கத்து அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார். அவர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

எழுந்து போகலாம் என்று சைகை வந்தது. கோப்பின் மேல் கிராம சேவகர் கடிதத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கதவுவரை போய்விடலாம்.

அனுஷியா எழவில்லை.

"மேடம், என் விண்ணப்பத்துல ஒரு பிழை இருக்கு. விவாகமாகாதவர்னு இருக்கு. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரு மகள் இருக்கா."

ஞானேஸ்வரி கோப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆர் நிரப்பினது?"

"என் வீட்டுக்காரர். கை தவறிருச்சுன்னு சொன்னாரு."

"பிள்ளை, இந்தப் படிவத்தில அந்தப் பெட்டியை அமத்தினால் 'உறுதியா?' எண்டு திரும்ப ஒருக்காக் கேக்கும். அதுக்கும் ஓம் எண்டு கிடக்கு. கை ஒருக்காத் தவறும். ரெண்டு தரம் தவறாது."

அனுஷியா கதவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் அறிஞ்சு போட்ட பொய் எண்டால் நான் இந்தக் கோப்பை மூடத்தான் வேணும். எவ்வளவு கெட்டிக்காரி எண்டாலும் மூடத்தான் வேணும். உங்களுக்குத் தெரியாமல் இன்னொராள் செய்தது எண்டால், அந்த ஆள் காரணத்தைச் சொல்லி எழுதித் தரலாம், திருத்துவம். ஆனால் நான் நம்பக்கூடிய காரணமா இருக்கவேணும். அவர் வந்திருக்கிறாரோ?"

யுகேஷ் மகளைத் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தான். விறாந்தையில் விட்டுவிட்டு வர ஆளில்லை. அனுஷியாவைக் கண்டதும் தனுஜா இரண்டு கையையும் நீட்டினாள்.

"அனு அக்கா!"

அனுஷியா கதிரையிலிருந்து பாதி எழுந்தாள்.

"அக்காவோ?" என்றார் ஞானேஸ்வரி. "அம்மா இல்லையோ குஞ்சு?"

"அம்மாதான். இங்க வந்தா மட்டும் அக்கான்னு சொல்லணும்னு அப்பா திங்கக்கிழமை பாண் வாங்கப் போறப்பவே சொல்லிக் குடுத்துட்டாரு," என்றாள் தனுஜா, பாடம் ஒப்புவித்த பெருமையுடன்.

பக்கத்து அதிகாரி பேனாவை மூடி வைத்தார். ஞானேஸ்வரியின் முகத்தில் இருந்த இளக்கம் மறைந்தது.

"குடும்பமாச் சேர்ந்து ஒத்திகை பாத்திருக்கிறியள் போல."

"இவளுக்கு எதுவும் தெரியாது மேடம்," என்றான் யுகேஷ் அவசரமாக. "பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது நான். படிவத்துல போட்டதும் நான். கை தவறல. தெரிஞ்சுதான் போட்டேன்."

"கல்யாணம் கட்டினவையும் வரலாம் எண்டு புதுச் சட்டத்தில வடிவாக் கிடக்கு தம்பி. பிறகேன் இந்தப் பொய்?"

"புதுசை நான் வாசிக்கல மேடம். வயசெல்லை கூடிருச்சுன்னு ரேடியோவுல கேட்டதும் ஓடிட்டேன். எனக்குப் பழசுதான் தெரியும். கல்யாணமானவங்களை எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"பழைய விதியை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அனுஷியா மெல்லத் திரும்பினாள். அவள் யாருக்கும் சொன்னதில்லை. அஸீமாவைத் தவிர யாருக்கும்.

யுகேஷ் அவளைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த மகளின் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு, அதிகாரியைப் பார்த்தே பேசினான்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால இவளுக்கு வந்த கடிதத்தைத் தோட்டத்து ஆபீசுல என் கையிலதான் குடுத்தாங்க மேடம், பிரிச்சு வாசிச்சிட்டு, 'போ'ன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போயிருவாளேன்னு பயந்து, திரும்ப ஒட்டி இவங்கம்மாகிட்ட குடுத்துட்டு, பேசாம தாலியைக் கட்டிட்டேன்."